செலவுக் கணக்கில் இரண்டு கரடிகள்

என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் அவளுக்குக் கிளி வேஷம் கொடுத்தார்கள். வாடகைக்கு எடுத்துவந்த கிளி உடையில் ஒரு சிறகு இல்லை, பழைய வியர்வை நாற்றம் வேறு. திருப்பிக் கொடுத்துவிட்டு, பச்சை சாட்டின் துணி வாங்கி நானே தைத்தேன். மூக்குக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குவளையை வெட்டி வளைத்தேன். விழா முடிந்ததும் தலைமை ஆசிரியை என்னைத் தேடி வந்து, "அடுத்த வருஷத்துக்கு இதே மாதிரி பத்து கிளி வேணும், முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. ஆனால் என் வியாபாரம் அந்த ஒரு சொல்லில்தான் தொடங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெங்களூர் அல்சூரில் ஏரிக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. மாமனார் அரசாங்க வேலையில் இருந்தபோது கட்டியது. கணவர் ஒரு தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவார். சாப்பிட்ட கையோடு ஸ்கூட்டரில் உடைகளைக் கட்டிக்கொண்டு பள்ளிகளுக்குக் கிளம்பிவிடுவார். ஒருமுறை புலித்தோலைப் பின்சீட்டில் போட்டுக் கட்டியிருந்தபோது, கமர்ஷியல் தெரு முனையில் ஒரு நாய் விடாமல் துரத்தியிருக்கிறது. "எனக்காக வரலே, புலிக்காக வந்துச்சு" என்று அதை வாரக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்தாறு வருஷத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார இடமில்லாமல் போனது. ராஜா, ராணி, சிப்பாய், தபால்காரர், அரக்கன், முனிவர். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கான முருங்கைக்காய், கத்தரிக்காய், தக்காளி. பொங்கலுக்கு வந்த நாத்தனார், "அண்ணி, நான் எங்க உக்காரட்டும், தக்காளி மேலயா, கரடி மேலயா?" என்று கேட்டாள். கரடி மேல் உட்காரச் சொன்னேன். அதில் பஞ்சு அதிகம்.

வரி கட்டவேண்டிய அளவுக்கு நான் சம்பாதிக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஒரு பெரிய பள்ளிக்கூடம் மொத்தமாக ஆர்டர் கொடுத்துவிட்டு, வரி பிடித்தம் போக மீதிக்குக் காசோலை அனுப்பியது. அதைக் காட்டி விசாரித்தபோதுதான் எங்கள் தெருக்கோடியில், பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த ஆடிட்டரிடம் போகச் சொன்னார்கள். அவரும் எங்களைப் போல மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் ஊறிய தமிழர், பேச்சில் கன்னடமும் கலக்கும். கீழே ரொட்டி வேகிற வாசனை மேலே வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி ஒருமுறை மூச்சை இழுப்பார்.

"இத பாரும்மா, விஷயம் ரொம்ப சிம்பிள்," என்றார். "வியாபாரத்துக்குன்னு செஞ்ச செலவு வருமானத்துல கழியும். வீட்டுக்கு, உனக்குன்னு செஞ்ச செலவு கழியாது. மீதிக்குத்தான் வரி. எல்லாத்துக்கும் பில் வெச்சுக்கோ. பில் இல்லாட்டி ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோ. ஆய்த்து, அவ்ளோதான்."

ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். தமிழில்தான் எழுதினேன். எந்த வருஷமும் கிட்டத்தட்ட இதே வரிகள்தான். தாடி பதினெட்டு. மீசை ஒட்டும் பசை இரண்டு குப்பி. சிங்க வால் ஆறு. தங்கக் கிரீடம் நான்கு. கரடி இரண்டு. வருஷக் கடைசியில் நோட்டை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுவேன். அவரிடம் வேலை செய்த டைப்பிஸ்ட் அம்மாள் அதையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டி, அழகாக அட்டவணை போட்டு வரி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். மூன்று வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போனது.

நான்காவது வருஷம்தான் புடவை விவகாரம். ஒரு பள்ளியில் பதினொரு பெண்பிள்ளைகள் ஆடுகிற நடனத்துக்கு ஒரே மாதிரி உடை கேட்டார்கள். சிக்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் மயில்கழுத்து நிறத்தில், அன்னப்பறவைக் கரை போட்ட செயற்கைப் பட்டுப் புடவை அகப்பட்டது. டஜனாகத்தான் தருவேன் என்றார் கடைக்காரர். பன்னிரண்டு வாங்கினேன். பதினொன்றை வெட்டி, மடிப்பு வைத்து, இடுப்பில் எலாஸ்டிக் கொடுத்து நடன உடையாகத் தைத்தேன். பன்னிரண்டாவதின் மேல் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அந்த நிறம் என்னை வெட்டவிடவில்லை. ஓரத்தை மட்டும் அடித்துப் பீரோவில் வைத்துக்கொண்டேன். நோட்டில் பில்லில் இருந்தபடியே, பட்டுப் புடவை பன்னிரண்டு என்று எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் நின்றது உண்மை. ஒரு புடவைதானே என்று மேலே எழுதிவிட்டேன்.

அடுத்த வருஷம் வருமான வரி அலுவலகத்திலிருந்து ஒரு தபால் வந்தது. என் கணக்கில் சில செலவுகள் சொந்தச் செலவுபோல் தெரிவதாகவும், உரிய சான்றுகளுடன் நேரில் வரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. கூடவே ஒரு பட்டியல். கணவர் அதை வாங்கி உரக்கப் படித்தார். டைப்பிஸ்ட் அம்மாள் என் தமிழைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கோல்ட் கிரௌன், நாலு. சில்க் சாரி, பன்னெண்டு. டைகர், ஒண்ணு. பேர், ரெண்டு." படித்துக்கொண்டே வந்தவருக்குக் குரல் கம்மியது. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "அவங்க என்ன நெனச்சிருப்பாங்க தெரியுமா? நீ தங்கத்துல கிரீடம் செஞ்சு போட்டுக்கிட்டு, பட்டு கட்டிக்கிட்டு, வீட்ல புலியும் கரடியும் வளர்க்கறேன்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் அரசாங்கத் தபால் என்றால் ஓய்வூதிய விவரம்தான் வரும். விசாரணைக்கு வா என்று எவருக்கும் வந்ததில்லை. அந்தத் தபாலைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். செருகி வைத்தும் அது சும்மா இருக்கவில்லை. சமையலறைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பழுப்பு மூலை கண்ணில் பட்டது. நான் கவலைப்பட்டது தங்கக் கிரீடத்துக்கு இல்லை, அது அட்டை. கரடிக்கும் இல்லை, அது பஞ்சு. அந்த ஒரு புடவைக்குத்தான். அதை நான் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

ஆடிட்டர் கொஞ்சமும் அசரவில்லை. "சான்று கேக்கறாங்களா? கொண்டுபோய் காட்டிடு. பில்லும் கொண்டுவா, சாமானும் கொண்டுவா. சும்னே பேசறதவிட கண்ணால பாத்தா முடிஞ்சுபோச்சு."

"எல்லாத்தையுமா?"

"லிஸ்ட்ல இருக்கற எல்லாத்தையும்."

சொன்ன நாளில் இரண்டு ஆட்டோ பிடித்தோம். முதல் ஆட்டோவில் நான், கிரீடங்கள், நடன உடை மூட்டை, தாடிப் பெட்டி. இரண்டாவதில் கணவர், புலி, இரண்டு கரடிகள். கரடித் தலைகளை மடக்க முடியாது. ஒன்று கணவரின் மடியில், இன்னொன்று ஆட்டோவுக்கு வெளியே எட்டிப் பார்த்தபடி. சிக்னலில் நின்றபோது பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஒரு பக்கத்து ஜன்னல்கள் முழுக்க முகங்கள். ஆட்டோக்காரர், "சார், இதுக்கும் சேத்து மூணு பேரு ஆச்சு, மேல போட்டுக் குடுங்க" என்று கேட்டாராம். கணவர், "அரை டிக்கெட் போட்டுக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அலுவலக வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். புலியைப் பார்த்தார், கரடியைப் பார்த்தார், கன்னடத்தில், "ஏனம்மா இது?", அதாவது என்னம்மா இது என்று கேட்டார்.

"செலவு," என்றேன். எனக்கு அந்த நேரத்தில் வேறு வார்த்தை வரவில்லை.

ஆடிட்டர் வந்து விளக்கிச் சொல்லி எங்களை உள்ளே அழைத்துப்போனார். மூன்றாவது மாடிக்குப் படி ஏறினோம். கணவர் ஒரு கரடித் தலையைக் கையில் பிடிக்க முடியாமல் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. தேநீர் கொண்டுபோன ஒருவர் தட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்.

அதிகாரி ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தலையில் கொஞ்சம் கனகாம்பரம். கன்னடத்தில்தான் பேசினார். எங்களுக்கு வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம் என்பதால் அதில் சிரமமில்லை. அவர் பேசியதை இங்கே தமிழில் சொல்கிறேன்.

முதலில் அவர் சிரிக்கவில்லை. கதவில் நின்ற கரடியைப் பார்த்து, "உட்காருங்க" என்றார். கணவர் அவசரமாகத் தலையைக் கழற்றினார்.

"இதுதான் அந்தக் கரடியா?"

"ஆமாங்க மேடம். இன்னொண்ணும் இருக்கு, வெளிய."

"தங்கக் கிரீடம்?"

நான் துணியைப் பிரித்து நான்கையும் மேஜையில் வைத்தேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். விரலால் சுண்டினார். அட்டைச் சத்தம் கேட்டது. உள்பக்கம் திருப்பினார். பிஸ்கட் டப்பா அட்டையில் செய்த கிரீடம் அது. பிஸ்கட் படம் அப்படியே இருந்தது. அப்போதுதான் அந்த அம்மாளின் உதடு கொஞ்சம் கோணியது. அடுத்து ஒவ்வொன்றாகப் பட்டியலில் டிக் போட ஆரம்பித்தார். தாடிகளை அவரே எண்ணினார். பதினெட்டும் இருந்தன. கோப்புகள் எடுக்க வந்த கடைநிலை ஊழியர் ஒருவர் முனிவர் தாடியை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வைத்துக்கொண்டு கண்ணாடி தேடிப் போனவர் கொஞ்ச நேரம் திரும்பவில்லை. வராந்தாவில் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, பட்டுப் புடவை பன்னிரண்டு," என்றார் அதிகாரி.

மூட்டையைப் பிரித்து நடன உடைகளை அடுக்கினேன். மயில்கழுத்து நிறம், அன்னப்பறவைக் கரை. அவர் ஒன்றை விரித்துப் பார்த்தார். "நல்லா தைச்சிருக்கீங்க. இது பட்டு இல்லையே, ஆர்ட் சில்க்தானே?" என்றார். கரையைத் தடவினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை. தோளை.

அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆடிட்டர் முதல் நாளே, ரொம்பப் பகட்டாகவும் வரவேண்டாம், ரொம்ப ஏழையாகவும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். காலையில் இருந்த படபடப்பில் பீரோவைத் திறந்து, நல்ல பட்டும் இல்லாமல் பழைய பருத்தியும் இல்லாமல் நடுத்தரமாகக் கைக்கு அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மயில்கழுத்து நிறம். அன்னப்பறவைக் கரை.

"இங்க பதினொண்ணுதான் இருக்கு," என்றார் அதிகாரி மெதுவாக.

கணவர் என்னையும் மேஜையையும் மாறிமாறிப் பார்த்தார். ஆடிட்டர் ஒரு நொடியில் சமாளித்துக்கொண்டார். "மேடம், அது வந்து, யூனிஃபார்ம். வாடிக்கையாளர்களைப் பார்க்கப் போறப்ப கட்டிக்கறதுக்கு—"

அவர் எனக்கு உதவத்தான் பார்த்தார். ஒரு தலையாட்டலில் அது முடிந்தும் போயிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் தாடிகளை ஒவ்வொன்றாக எண்ணிய விதமும், தையலைப் பாராட்டியதும் என்னவோ செய்தன. அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லீங்க மேடம்," என்றேன். "கடையில டஜனாதான் குடுத்தாங்க. பதினொண்ணுதான் வேலைக்கு. இதோட கலர் ரொம்ப புடிச்சுப்போச்சு, எனக்கே வெச்சுக்கிட்டேன். கணக்குல எழுதினது தப்புதான்."

அதிகாரி சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை, நாற்காலி ஆடுகிற சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு எடுப்பா இருக்கு, அத சொல்லணும்," என்றார். பேனாவை எடுத்துப் பன்னிரண்டை அடித்துப் பதினொன்று என்று எழுதினார். "இது ஒண்ணு கழியாது. மத்ததெல்லாம் வியாபாரச் செலவுதான், ஒத்துக்கறேன்."

எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. கரடியின் காதைத் தடவிப் பார்த்து, "இதையெல்லாம் யாரு தோய்க்கறது?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம். வீட்டு மெஷின்ல. வேஷத்துக்குன்னே வாங்கின பெரிய மெஷின்."

"அந்த மெஷின் இந்தக் கணக்குல எங்க?"

அது எங்கள் வீட்டில் இருக்கிற மெஷின். அதை எப்படி எழுதுவது?

"தையல் மெஷின்?"

"ரெண்டு இருக்கு."

"அதுவும் இல்ல. இஸ்திரி போடறவருக்குக் குடுக்கறது? சாமான் எடுத்துட்டுப் போற வண்டிக்குப் பெட்ரோல்? தைக்கற அறைக்கு ஆகற கரண்ட்?"

ஒவ்வொரு கேள்விக்கும் நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லவே இல்லயேம்மா," என்றார் பாவமாக.

சொல்லத் தோன்றியதே இல்லை. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கி வருவதுதான் செலவு என்று நினைத்திருந்தேன். வீட்டில் இருக்கிற மின்சாரம், வீட்டு மெஷின், கணவரின் ஸ்கூட்டர் எல்லாம் சும்மா கிடைப்பவை என்றே என் மனதில் பதிந்திருந்தது. அதிகாரி ஒரு தாளை எடுத்து எனக்குப் பாடம்போல் சொல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லிக்கொண்டே எழுதினார். மெஷின் வருஷாவருஷம் தேயும், அந்தத் தேய்மானம் கழியும். ஸ்கூட்டரும் கரண்டும் பாதி வீட்டுக்கு, பாதி வேலைக்கு. வேலைக்கான பங்கு மட்டும் கழியும். இஸ்திரிக் கூலி முழுசாகக் கழியும்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்போ என் கூலி மேடம்? நாள் முழுக்க தைக்கறேனே, அதையும் கழிச்சுக்கலாமா?"

"அது முடியாது. நீங்கதானே முதலாளி. உங்களுக்கு நீங்களே சம்பளம் குடுத்துக்கறத சட்டம் ஒத்துக்காது."

"முதலாளியா?" என்று கணவர் கேட்டுவிட்டார். அந்தச் சொல் என்னோடு சேர்ந்து அவர் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அப்படித்தான்.

திரும்பி வரும்போது அதே ஆட்டோக்கள் கிடைக்கவில்லை. கரடிகளோடு தெருவோரத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். அந்தப் புடவை விஷயம் ஏன் தன்னிடம்கூடச் சொல்லவில்லை என்று கணவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. "டஜன்ல ஒண்ணு மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, நானே வெச்சுக்கோன்னு சொல்லியிருப்பேன். கணக்குல எழுத விட்டிருக்க மாட்டேன், அவ்ளோதான்." ஆடிட்டர் எதிர்க் கடையில் எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவரைப் பார்த்துக் கணவர், "சார், இது எந்தக் கணக்கு?" என்று கேட்க, அவர் கொஞ்சம் யோசித்து, பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

சில வாரங்கள் கழித்து உத்தரவு வந்தது. ஒரு புடவை போய், மெஷினும் பெட்ரோலும் இஸ்திரியும் உள்ளே வந்ததில், நான் கட்டிய வரியில் ஒரு பகுதி எனக்கே திரும்பி வந்தது. பெரிய தொகை இல்லை. அரசாங்கம் எனக்கு ஒரு காசோலை அனுப்பியதே என்ற ஆச்சரியத்தில் இரண்டு நாள் அதை வங்கியில் போடாமல் வைத்திருந்தேன்.

அதற்கப்புறம் நோட்டை எழுதுகிற விதம் மாறியது. தங்கக் கிரீடம் என்று எழுதுவதில்லை, அட்டைக் கிரீடம் என்று எழுதினேன். கரடிக்குப் பக்கத்தில் வேஷ உடை என்று சேர்த்தேன். ஸ்கூட்டருக்கு ஒரு சின்ன நோட்டு போட்டு, எந்தப் பள்ளி, எத்தனை கிலோமீட்டர் என்று கணவரைக் குறிக்க வைத்தேன். அவர் நேர்மைக்காரர், "மாமியார் வீடு, சொந்த வேலை, கட்டாயத்தின் பேரில்" என்றுகூட எழுதி வைத்திருந்தார்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு பள்ளிகளைவிடக் கம்பெனிகள் அதிகமாக வர ஆரம்பித்தன. கம்ப்யூட்டர் வேலைக்குச் சேலத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த பிள்ளைகள், ஆபீஸ் விழாவுக்கு ராஜா வேஷம் கேட்டார்கள். குழந்தைகளுக்குத் தைத்த அளவு போதவில்லை. தனியாகச் சமாளிக்க முடியாமல், ஹெப்பகோடியில் ஒரு துணி ஃபேக்டரியில் வேலை பார்த்துவந்த பெண் ஒருத்தியைத் தையலுக்கு வைத்துக்கொண்டேன். தர்மபுரிப் பக்கம் அவளுக்கு. முதல் நாள் இரண்டு பஸ் மாறி வந்து, முன்னறையைச் சுற்றிப் பார்த்து, "அக்கா, இன்னா இது, காடு மாதிரி கீது?" என்றாள். மேலே தொங்கிய புலியைக் கழற்றி, வாலின் தையல் பிரிந்திருப்பதைப் பார்த்து, நான் சொல்லாமலே உட்கார்ந்து சரிசெய்ய ஆரம்பித்தாள்.

அந்த மாதக் கடைசியில் அவள் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். "தையல்காரருக்குச் சம்பளம்" என்று ஒரு புது வரி. எழுதி முடித்து, கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "முதலாளியம்மா, காப்பி கெடைக்குமா?" என்று கேட்டார். உள்ளே போய் மூன்று பேருக்கும் போட்டுக்கொண்டு வந்தேன்.